நீலமாய் மின்னும் புண்ணாக்கு!

விளக்கை அணையுங்கள். கதவைச் சாத்துங்கள். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் புறஊதா விளக்கை மட்டும் போடுங்கள். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் மாவு பூசினாற்போல் வெள்ளைச் சிலிக்கா. ஒரு நொடிக்கு முன்பு வரை அது வெறும் தகடு. இப்போது குனிந்து பாருங்கள்! வரிசையாக நீலப் பொட்டுகள்! அவற்றுக்குக் கொஞ்சம் கீழே பச்சைப் பொட்டுகள்!

இத்தனை அழகாக ஒரு விஷம் ஒளிரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். நீலம், அஃப்ளாடாக்சின் பி வகை. பச்சை, ஜி வகை. அந்த நீலங்களில் மேலே நிற்கும் பி1 இயற்கையில் கிடைக்கும் புற்றுநோய்க் காரணிகளில் மிக வலுவான ஒன்று. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமறத் தெரிந்த பொருள்களின் முதல் வகையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இதை வைத்திருக்கிறது. தகட்டில் வைத்த சொட்டு எதிலிருந்து இறக்கிய சாறு என்கிறீர்கள்? கடலைப் புண்ணாக்கு! மாட்டுத் தொட்டியில் ஊற வைக்கிறோமே, மீன் குட்டையில் சாக்கில் கட்டித் தொங்க விடுகிறோமே, அதே புண்ணாக்குதான்.

நாம் தட்டில் போட்டுச் சாப்பிடும் வளர்ப்பு மீனுக்குப் பின்னால் இப்படி ஓர் இருட்டறை இருக்கிறது. மேச்சேரியில் கட்டிய மூட்டை ஒன்று நாமக்கல்லில் இந்த வெளிச்சத்துக்கு வந்து சேரும் வழியைக் கூடவே வந்து பாருங்கள்.

மேச்சேரி என்றால் ஊருக்கே ஆடுதான் ஞாபகம் வரும். கம்பளி இல்லாத, கறிக்குப் பேர்போன மேச்சேரி ஆட்டுக்காகப் பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையமே நடக்கிறது. மீனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கலாம். பேருந்தில் மேற்கே கொஞ்ச தூரம் போனால் மேட்டூர். 1934இல் திறந்த அணை, ஸ்டான்லி நீர்த்தேக்கம், அரசு மீன் விதைப் பண்ணை, பூங்கா பக்கம் மசாலா தடவி வரிசையாக அடுக்கிய கட்லாவும் ஜிலேபியும். மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர் பக்கமோ மானாவாரிக் கடலைக்காடு. சேலத்தைச் சுற்றி மரவள்ளிக் கிழங்கும், ஜவ்வரிசி ஆலைகளும், அங்கே மிஞ்சும் திப்பியும். தெற்கே நாமக்கல் கோழிகளுக்காக லாரி லாரியாக வந்து இறங்கும் மக்காச்சோளமும் சோயாவும். மீனுக்குச் சைவச் சமையல் செய்யத் தேவையான அத்தனை பொருளும் இந்த வட்டாரத்தில் கை நீட்டினால் கிடைக்கும். எனக்கு இந்த இடத்தைப் பிடித்துப்போனதே அதனால்தான்!

மீனுக்குச் சைவமா என்று வியக்க வேண்டாம். கெண்டை வளர்க்கிறவர்கள் தலைமுறையாகத் தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி கலந்துதான் போட்டு வருகிறார்கள். உலகம் இப்போதுதான் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நார்வேயில் வளர்க்கும் சால்மன் மீனின் தீவனத்தில் 1990இல் ஏறக்குறைய 90 சதவீதம் கடலிலிருந்து வந்த மீன்தூளும் மீன் எண்ணெயும். 2013இல் அது 30 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. மீதி இடத்தைச் சோயாவும் கோதுமையும் கடுகின வித்து எண்ணெயும் பிடித்துக்கொண்டன. சின்ன மீனைப் பிடித்து அரைத்துப் பெரிய மீனுக்குப் போட்டுக்கொண்டே இருந்தால் கடல் தாங்காது, விலையும் கட்டுப்படியாகாது. மாறியதில் இன்னொரு நன்மையும் உண்டு. கடல் மீன்தூளோடு வரும் பாதரசம், டயாக்சின் போன்றவை குறைந்தன.

ஆனால் செடியும் சும்மா இருப்பதில்லை. கடித்துத் தின்ன வருகிறவர்களை விரட்டத் தனக்குள்ளேயே சில விஷங்களைக் காய்ச்சி வைத்திருக்கிறது. போதாக்குறைக்கு அதன் விதையில் பூஞ்சணம் குடியேறித் தன் பங்குக்கும் காய்ச்சுகிறது. எவரும் கலக்காத, ஆலைக் கழிவாக வராத, முழுக்க முழுக்க இயற்கையான மாசு. இதைத் தேடிப் பிடிப்பதுதான் தீவன ஆய்வகத்தின் வேலை.

அந்த வேலை ஆய்வகத்தில் தொடங்குவதில்லை. மூட்டை அடுக்கியிருக்கும் கிட்டங்கியில், குத்தூசி முனையில் தொடங்குகிறது! மண்டியிலும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் பார்த்திருப்பீர்களே, மூட்டையில் சரக்கென்று குத்தி ஒரு பிடி தானியத்தை வழித்து வெளியே எடுக்கும் குழாய் ஊசி. இந்தக் கதையின் நாயகன் அதுதான் என்பேன். கோடி ரூபாய்க் கருவியைவிட இந்த இரும்புக் குழாயைப் பிடிக்கும் கை முக்கியம்.

ஏன் தெரியுமா? அஃப்ளாடாக்சின் மூட்டை முழுக்கச் சீராகப் பரவியிருக்காது. நூறு பருப்பு சுத்தமாக இருக்கும், ஆயிரம் சுத்தமாக இருக்கும், எங்கோ ஒன்றில் மட்டும் அத்தனையும் குவிந்திருக்கும். முற்றிலும் பூஞ்சணம் பிடித்த ஒரே பருப்பில் பத்து லட்சம் பிபிபி வரை இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் 1960களிலேயே அளந்திருக்கிறார்கள். பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிலோவில் ஒரு மைக்ரோகிராம். கணக்குப் போடுங்கள், நானும் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். பருப்பின் எடை அரை கிராம் என்றால் அதற்குள் 500 மைக்ரோகிராம் விஷம். அந்த ஒரு பருப்பைக் கொண்டுபோய் 25 கிலோ சுத்தமான பருப்போடு சேர்த்து அரைத்தால் மொத்தமும் 20 பிபிபிக்கு வந்துவிடும். அமெரிக்காவில் தீவனத்துக்கான பொது வரம்பே 20 பிபிபிதான். ஒரு பருப்பு, ஒரு மூட்டை!

அதனால் ஒரு மூட்டையின் வாயை மட்டும் பிரித்து ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டினால் அது சோதனையே இல்லை. அடுக்கின் மேலே, நடுவே, அடியே, சுவரோரம் ஈரம் பட்ட பக்கம் என்று பல மூட்டைகளில் குத்த வேண்டும். எடுத்ததை எல்லாம் ஒரே விரிப்பில் கொட்டிக் கலக்க வேண்டும். பிறகு வருகிற காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. குவியலைத் தட்டையாக்கி, குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து நாலு பங்கு. எதிரெதிர் இரண்டு பங்கை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து, மறுபடி நாலு பங்கு. தேவையான அளவு வரும்வரை இதே ஆட்டம். ஐரோப்பாவில் பெரிய கடலைச் சரக்கு என்றால் 20 கிலோ வரை மாதிரி எடுத்து, அதை முழுவதும் அரைத்துக் கலந்த பிறகுதான் ஆய்வுக்கு ஒரு சிறு பங்கை எடுப்பார்கள். ஆய்வின் பிழையில் பெரும்பகுதி கருவியில் நேர்வதில்லை; மாதிரி எடுப்பதில் நேர்கிறது. இதைப் புரிந்துகொண்ட பண்ணைக்காரர் பாதி விஞ்ஞானி.

புண்ணாக்கைக் குறிவைத்துப் பேசுவதற்கும் காரணம் இருக்கிறது. கடலையைச் செக்கில் ஆட்டும்போது எண்ணெய் ஒரு பக்கம் வடிந்துவிட, விஷத்தின் பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். எண்ணெயின் எடை கழிந்துபோவதால் மிச்சத்தில் அதன் செறிவும் ஏறும்.

இனி நாமக்கல். அங்கே கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் கால்நடைத் தீவனப் பகுப்பாய்வு மற்றும் தர உறுதி ஆய்வகம் இருக்கிறது. கோழிப் பண்ணைகள்தான் இந்த வட்டாரத்துக்குத் தீவனச் சோதனையைக் கற்றுக்கொடுத்தன. முட்டை குறைந்தாலோ குஞ்சு துவண்டாலோ தீவனத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நாமக்கல் பண்ணைக்காரருக்கு இன்று பாலபாடம். மீன் தீவனமும் அதே சோளம், அதே சோயா, அதே புண்ணாக்கு. அதனால் கோழிக்காகப் பழகிய கண்ணும் கையும் மீனுக்கும் அப்படியே உதவும்.

தீவனச் சோதனையில் எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றுவது நிறங்களைப் பார்க்கும்போதுதான். சோயாவை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று இருக்கிறது. டிரிப்சின் தடுப்பான் என்பார்கள். சூடு காட்டினால் அழிந்துவிடும். சூடு போதுமான அளவு காட்டினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சோயாத் தூளை ஒரு கண்ணாடி வட்டிலில் பரப்பி, யூரியாவும் ஃபீனால் சிவப்பும் கலந்த கரைசலை மேலே ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். அங்கங்கே செம்பொட்டு பூத்தால் பதம் சரி. வட்டில் முழுக்கச் சிவந்துபோனால் வேகவில்லை. ஒரு பொட்டும் எழவில்லையா? தீய்ந்துவிட்டது, புரதமே கெட்டிருக்கும். யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதியும் அந்தத் தடுப்பானும் ஏறக்குறைய ஒரே சூட்டில் சாகின்றன. ஒன்று உயிரோடு இருந்தால் மற்றதும் இருக்கும் என்பது கணக்கு. இத்தனை மலிவான, இத்தனை தெளிவான சோதனையை யார் கண்டுபிடித்தாலும் அவருக்கு மாலை போடத் தோன்றுகிறது.

அடுத்து நம் சேலத்துச் சொந்தக்காரரான மரவள்ளி. கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கினால் அது உடைந்து சயனைடு வெளியே வரும். சதையைவிடத் தோலில் அதிகம். அரைத்து, கழுவி, வெயிலில் காயப்போடும்போது பெரும்பகுதி போய்விடுகிறது. நன்றாகக் காய்ந்த திப்பிக்கும் அரைகுறையாகக் காய்ந்த தோலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு துண்டுக் காகிதம் சொல்லிவிடும். பிக்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்திய மஞ்சள் காகிதத்தை, மாதிரி போட்ட குப்பிக்குள் தொங்கவிட்டு இறுக மூடி ஓர் இரவு வைப்பார்கள். காலையில் திறந்து பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கலாம். ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்கும் போயிருக்கலாம். நிறம் எவ்வளவு இருண்டதோ அவ்வளவு சயனைடு.

பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் காசிப்பால் என்ற மஞ்சள் நிறமி. புரதத்தில் உள்ள லைசினைப் பிடித்துக்கொண்டு விடாது. இலுப்பைப் புண்ணாக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குஞ்சு விடுவதற்கு முன் குட்டையில் கிடக்கும் கெளுத்தி, விரால் போன்ற வேட்டை மீன்களை ஒழிக்க நம் பண்ணைக்காரர்கள் போடுவது அதைத்தான். அதன் சப்போனின் மீனின் இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் வீரியம் தணிந்து அதுவே குட்டைக்கு உரமாகிவிடும். ஒரு புண்ணாக்கு மீனை வளர்க்கிறது, ஒரு புண்ணாக்கு மீனைக் கொல்கிறது. செடிகளின் உலகத்தை இதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

மீண்டும் நம் புண்ணாக்கு மாதிரிக்கு வருவோம். அரைத்த தூளில் கொஞ்சம் எடுத்து, 70 சதவீத மெத்தனாலில் போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடிகட்டுகிறார்கள். கீழே சொட்டுகிற சாற்றில்தான் குற்றவாளி. அதை எலைசா என்ற சோதனைக்கான தகட்டின் குழிகளில் விடுகிறார்கள். கைக்குள் அடங்கும் தகட்டில் 96 குழி. குழியின் அடியில் அஃப்ளாடாக்சினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் தயாராகக் காத்திருக்கும். மாதிரிச் சாற்றோடு, நொதி ஒட்டிய அஃப்ளாடாக்சினையும் சேர்த்து விடுகிறார்கள். இரண்டுக்கும் இடத்துக்குப் போட்டி! கழுவிய பிறகு நிறமூட்டியை விட்டால் குழிகள் ஒவ்வொன்றாக நீலமாகும். அமிலம் ஒரு சொட்டு விட்டால் நீலம் சட்டென்று மஞ்சளாகும். கருவி அந்த மஞ்சளின் அடர்த்தியை 450 நானோமீட்டர் ஒளியில் அளக்கும்.

இங்கே புதிதாகப் பார்க்கிறவர்கள் தடுமாறுவார்கள். அடர்த்தியான மஞ்சள் வந்தால் பயப்படக் கூடாது, மகிழ வேண்டும். மாதிரியில் விஷம் இல்லாததால் நிறம் தரும் நொதி எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். குழி வெளிறிக் கிடந்தால்தான் நெஞ்சு படபடக்க வேண்டும். பண்ணையிலேயே வைத்துப் பார்க்கும் சோதனைப் பட்டையிலும் பெரும்பாலும் இதே தலைகீழ்க் கணக்குதான்: கோடு தெரிந்தால் நல்லது, மறைந்தால் கெட்டது. பட்டையோடு வரும் விளக்கத் தாளைப் படித்துவிட்டுப் பாருங்கள்.

எலைசாவில் சந்தேகம் தட்டிய மாதிரி, சாற்றில் உள்ளதைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவிக்குப் போகும். போவதற்கு முன் ஒரு சின்னக் குழாய் வழியே சாற்றை விடுவார்கள். அந்தக் குழாய்க்குள்ளும் எதிர்ப்பொருள்கள். புண்ணாக்கின் எண்ணெய், நிறம், புரதம் எல்லாம் வழிந்தோட, அஃப்ளாடாக்சின் மட்டும் மாட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் தூய மெத்தனாலை விட்டால் பிடி தளர்ந்து வெளியே வரும். எத்தனையோ ஆயிரம் பொருள்கள் கலந்த பழுப்புச் சாற்றிலிருந்து அந்த ஒன்றை மட்டும் பொறுக்கி எடுக்கும் இந்தச் சின்னக் குழாயை நினைத்தால் எனக்கு இன்னும் மயிர்க்கூச்செறிகிறது. கருவியின் திரையில் ஜி2, ஜி1, பி2, பி1 என்று சிகரங்கள் ஒவ்வொன்றாக எழும். சிகரம் எவ்வளவு பெரிதோ விஷம் அவ்வளவு. வேலை முடிந்ததும் கண்ணாடிச் சாமான்களைச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு கரைசலில் ஊறப்போட வேண்டும். இந்த விஷம் வெந்நீருக்கு மசியாது. சமையல் சூட்டுக்கும், தீவன உருண்டை பிழியும் எக்ஸ்ட்ரூடர் ஆலையின் சூட்டுக்கும் முழுவதுமாக அழியாது. அதனால்தான் ஆலைக்குப் போகும் முன்பே மூட்டையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கடையில் விற்கும் புறஊதா டார்ச்சை வாங்கிப் புண்ணாக்கு மேல் அடித்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சோளத்திலும் கடலையிலும் வேறு பொருள்களும் அந்த ஒளியில் மின்னும். விஷம் உள்ளே இருந்தும் மின்னாமல் போகலாம். சாறு இறக்கிப் பிரித்த பிறகு தெரியும் பொட்டுக்குத்தான் சாட்சி மதிப்பு.

20 பிபிபி என்றால் எவ்வளவு? ஒரு டன் புண்ணாக்கில் 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பைப் பதினைந்து பங்கு போட்டு, அதில் ஒரு பங்கை ஒரு டன் சரக்கில் தூவினால் எவ்வளவோ அவ்வளவு. ஐரோப்பிய ஒன்றியம் தீவன மூலப்பொருளுக்கு அதே 20ஐயும், மீனுக்கான முழுத் தீவனத்துக்கு அதில் பாதியான 10ஐயும் எல்லையாக வைத்திருக்கிறது. நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் மீன் தீவனத்துக்கென்று ஐஎஸ் 16150 என்ற தரநிலையை 2014இல் கொண்டுவந்தது. கெண்டைக்குத் தனிப் பகுதி, கெளுத்தி வகைக்குத் தனிப் பகுதி.

இத்தனை நுணுக்கம் எப்படி வந்தது? 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஒரு லட்சத்துக்கும் மேல். காரணம் தெரியாமல் ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். துருவிக்கொண்டே போனபோது பிரேசிலிலிருந்து கப்பலில் வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றது. அதில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சணம். அதன் பெயரிலிருந்துதான் அஃப்ளாடாக்சின்.

அதே சமயம் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் மீன்கள் இன்னொரு சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன! அமெரிக்கக் குஞ்சுப் பொரிப்பகங்களில் வளர்த்த வானவில் டிரவுட் மீன்களுக்குக் கல்லீரலில் கட்டி. ஒன்றிரண்டு அல்ல, கொள்ளைநோய் போல. அதுவரை ஈர இறைச்சி போட்டு வளர்த்தவர்கள் உலர் தீவனத்துக்கு மாறியிருந்தார்கள். அதில் கலந்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின். நீலகிரி அவலாஞ்சியில் 1907இல் பொரிப்பகம் கட்டி வளர்க்கத் தொடங்கினார்களே, அந்த டிரவுட் குடும்பத்தைச் சேர்ந்த மீன்தான். ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் சின்ஹூபர் குழுவினர் இந்தக் கட்டிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். தீவனத்தில் ஒரு பிபிபிக்கும் குறைவாக இருந்தாலே, மாதக்கணக்கில் தின்ற டிரவுட்டுக்குக் கட்டி வரக்கூடும் என்று தெரிந்தது. பருத்திக்கொட்டையிலேயே இருக்கும் ஒருவகைக் கொழுப்பமிலம் அந்த விஷத்துக்குத் தோள் கொடுக்கிறது என்பதும் வெளிவந்தது. செடியின் சரக்கும் பூஞ்சணத்தின் சரக்கும் கைகோத்த இடம் அது. உலகின் எத்தனையோ புற்றுநோய் ஆய்வுகளுக்கு அதன்பின் டிரவுட் மீன் சோதனை விலங்கானது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது, அது துயரமானது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இந்தச் சோதனைகள் வேடிக்கைக்கு நடப்பவை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

இப்போது மீனின் முறை. மேசைமேல் ஒரு ரோகு. முதலில் வயிற்றைக் கீறிக் கல்லீரலைத் தனியே எடுக்கிறார்கள், ஏனென்றால் விஷம் முதலில் போய்ச் சேரும் இடம் அது. கல்லீரல்தான் அஃப்ளாடாக்சினை உடைக்கப் பார்த்து, அந்த முயற்சியிலேயே அதை மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. சதையை வேறாக அரைத்து, அதற்கும் அதே சாறு, அதே குழாய், அதே சிகரங்கள். முடிவு நமக்கு ஆறுதலானது: கல்லீரலில் தங்குவதை ஒப்பிட்டால் சதையில் தங்குவது மிகக் கொஞ்சம். சுத்தமான தீவனத்துக்கு மாற்றினால் அதுவும் இறங்கும். தீங்கு மீனுக்குத்தான்: நார்வேயில் சால்மனுக்கு டியாக்சிநிவலெனால் என்ற கோதுமைப் பூஞ்சண விஷத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மீன் தீனியைக் குறைத்துக்கொண்டது, எடை ஏறவில்லை.

ஆகவே வளர்ப்பு மீனை இந்த விஷத்துக்காகச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை. தலையும் வாலும் கிள்ளி, குடலும் ஈரலும் நீக்கிக் குழம்பு வைக்கும் நம் வழக்கம் நல்ல வழக்கம். அடி வாங்குவது மீன்தான், அதை வளர்க்கிறவர்தான். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் அஃப்ளாடாக்சின் ரோகுவின் நோய் எதிர்ப்புத் திறனைக் குறைக்கிறது என்று 2001இல் காட்டினார்கள். டிரவுட் போலக் கெண்டை உடனே விழாது. வளர்ச்சி மந்தமாகும், சின்ன நோய்க்கும் தாங்காது, பண்ணைக்காரர் தண்ணீரைச் சந்தேகிப்பார், குஞ்சு விற்றவரைச் சந்தேகிப்பார், மூட்டையைச் சந்தேகிக்க மாட்டார். என் ஆதங்கமெல்லாம் அதுதான்.

மீனில் தேடும் இயற்கை மாசு இன்னும் ஒன்று உண்டு. அதற்குக் கருவி வேண்டாம், மூக்கு போதும். வளர்ப்பு மீனில் சில சமயம் சேற்று வாடை அடிக்குமே, அது சேறு அல்ல. ஜியோஸ்மின் என்ற பொருள். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் சில நீலப்பச்சைப் பாசிகளும் நுண்ணுயிர்களும் அதை உண்டாக்குகின்றன. புது மழை பெய்ததும் மேச்சேரிக் காட்டில் கிளம்பும் அந்த மண்வாசனையும் இதே ஜியோஸ்மின்தான்! ஒரு லிட்டர் தண்ணீரில் சில நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் ஒரு கடி கடித்தவர் அடுத்த முறை அந்தக் கடைக்கு வர மாட்டார். பிடிக்கும் முன் சில நாள் தீனி போடாமல் சுத்தமான தண்ணீரில் விட்டு வைத்தால் வாடை போய்விடும். பாசிகளில் சில வகை மைக்ரோசிஸ்டின் என்ற உண்மையான விஷத்தையும் உண்டாக்கும். குடிநீரில் அதற்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம். குட்டையில் தின்னாமல் கிடக்கும் தீவனம்தான் பாசிக்கு விருந்து. தீவனத்தை அளந்து போடுவது காசு மிச்சம் மட்டுமல்ல.

இவ்வளவையும் பார்த்தபின் எல்லாம் எங்கே தொடங்குகிறது என்று திரும்பிப் பார்த்தால், களத்துமேட்டில் நிற்கிறது. கல்லக்காய் முற்றும் சமயத்தில் மழை பொய்த்து நிலம் காய்ந்தால், மண்ணிலேயே இருக்கும் பூஞ்சணம் காய்க்குள் நுழையும். கொடி பிடுங்கி ஈரத்தோடு குவித்துப் போட்டால் குவியலுக்குள் சூடேறி அது பெருகும். காயின் ஈரப்பதம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்வரை காய வைத்தால் அதன் கதை முடிந்தது. குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். ஒரு பழக்கத்தை மட்டும் உடனே விட்டுவிடலாம்: உடைக்கும்போது பருப்பு உடையக் கூடாது, கை வலிக்கக் கூடாது என்று காயின்மேல் தண்ணீர் தெளிப்பது. பாடுபட்டுக் காய வைத்ததைப் பூஞ்சணத்துக்கு அழைப்பு வைத்துத் திறந்து கொடுப்பது அது. சுருங்கிய, கறுத்த, பச்சைத் தூள் படிந்த பருப்பைப் பொறுக்கி எறியும் கைகள்தான் அத்தனை ஆய்வகங்களுக்கும் முந்திய ஆய்வகம். அந்த வேலையைச் செய்யும் பெண்களுக்குக் கூலியைக் கூட்டிக் கொடுங்கள். பொறுக்கி ஒதுக்கியதை மட்டும் விலை மலிவு என்று செக்குக்கு அனுப்பிவிடாதீர்கள். புண்ணாக்காகத் திரும்பி வரும்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை மாட்டுக்கு ஆகாது என்று மீன் குட்டையில் கொட்டுவது வேண்டாம். மீனுக்கு ஆகாது என்று மாட்டுக்கு வைப்பதும் வேண்டாம். மாடு தின்ற பி1, எம்1 ஆக மாறிப் பாலில் இறங்கும், பாலுக்கு நம் நாட்டு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம்தான்.

மேச்சேரி, நங்கவள்ளி, கொளத்தூர் பக்கம் பண்ணைக்குட்டையில் மீன் விடப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேட்டூருக்குக் குஞ்சு எடுக்கப் போகும் முன்பே புண்ணாக்கு மூட்டைகளில் குத்தூசி போடுங்கள். பல மூட்டையிலிருந்து எடுத்து, கலந்து, நாலு பங்கு போட்டுக் குறைத்து, அரைக் கிலோவுக்குக் குறையாமல் காகிதப் பையிலோ துணிப் பையிலோ கட்டுங்கள். பிளாஸ்டிக் உறையில் வியர்த்து, போகிற வழியிலேயே பூஞ்சணம் வளர்ந்துவிடும். எந்த ஊர்ச் சரக்கு, எப்போது ஆட்டியது என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுத்துவிட்டு, முடிவு கைக்கு வந்த பிறகு மூட்டையைப் பிரியுங்கள்.